பெயர் பொறித்த கல்லும் பெயர் கூறாப் பாட்டும்

புறநானூற்றின் 264-ஆம் பாட்டு மிகச் சிறியது. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. பருக்கைக் கற்கள் நிறைந்த மேட்டு நிலத்தில் கற்களைக் குவித்துப் பதுக்கை அமைத்தார்கள், மரல் நாரில் தொடுத்த செந்நிறப் பூங்கண்ணியையும் மயிற்பீலியையும் சூட்டினார்கள், பெயரைப் பொறித்தார்கள், கல்லையும் நட்டுவிட்டார்கள். கன்றுகளோடு கறவைகளை மீட்டுத் தந்து, பகைவரையும் ஓட்டியவன் மறைந்து போனான். அதனை அறியாமல் பாணருடைய சுற்றம் இன்றும் அவனை நாடி வருமோ என்று கேட்டுப் பாட்டு முடிகிறது.

கல்லில் பெயர் பொறித்தார்கள் என்று கூறும் புலவர் அந்தப் பெயரைக் கூறவில்லை. பாட்டின் கீழே பழையோர் எழுதி வைத்த குறிப்பிலும் அப்பெயர் இல்லை. பாடிய வணிகரின் பெயர் இருக்கிறது. பாடப்பட்ட வீரனின் பெயர் இல்லை. பள்ளியில் இப்பாட்டைப் பயிற்றும்போது, பதுக்கை, மரல், பீலி என்னும் சொற்களுக்கெல்லாம் பொருள் கூறப்படுகிறது. அவன் பெயர் எங்கே என்ற வினா மட்டும் எழுவதில்லை. நடுகற் பாடல்களை உள்ளபடி அறிவதற்கு அந்த வினாவே நல்ல வாயிலாகும்.

வீரம் என்ற ஒரே தலைப்பு

நடுகல் பற்றிய பாடல்கள் பாடநூல்களில் பெரும்பாலும் ‘பண்டைத் தமிழர் வீரம்’ என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. களிறு எறிந்த காளையும், மார்பில் புண்பட்ட மறவனும், மகனைப் போருக்கு அனுப்பிய தாயும், கல்லாய் நின்ற வீரனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். தேர்வில் வரும் வினாவும் அதற்கேற்பவே அமைகிறது. தமிழரின் வீரவுணர்வைப் புறப்பாடல் கொண்டு விளக்குக என்றால், மாணவன் நடுகல்லையும் ஒரு சான்றாக எழுதிவிட்டு அடுத்த வினாவிற்குப் போய்விடுகிறான்.

இம்முறை முழுவதும் தவறென்று கூறுவதற்கில்லை. நடுகல்லில் வீரம் உண்டு. அஃது இல்லையேல் கல்லே இல்லை. ஆனால் பழைய உரைமரபு இப்பாடல்களுக்கு இட்ட பெயர் வேறு. 261, 263, 264, 265 ஆகிய நான்கு பாடல்களுக்கும் திணை கரந்தை, துறை கையறுநிலை. தலைவன் இறந்தபின், அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செய்வதறியாது வருந்துவது கையறுநிலையாகும். கரந்தை என்ற திணைப்பெயர் அவன் செய்த செயலைக் காட்டுகிறது. கையறுநிலை என்ற துறைப்பெயர் அவன் போனபின் ஊர் பட்ட பாட்டைக் காட்டுகிறது. பாடநூல் முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டது. அதனால், இழப்பைப் பாடிய பாடல்கள் பெருமிதம் பாடிய பாடல்களாக வகுப்பறையில் உருமாறிவிட்டன.

இறந்தவர் யார்?

பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் கரந்தையைத் தனித் திணையாக்காமல் வெட்சியுள் அடக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனியாகப் பிரித்தது. பிரிவு எவ்வாறாயினும் செய்தி ஒன்றே. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் தமிழில் உண்டு. ஓர் ஊரின் ஆநிரை போனால் பாலும் நெய்யும் உழவும் போயின. ஆதலால் அதனை மீட்கச் சென்றவன் தன் ஊரின் உணவை மீட்கச் சென்றவன் ஆகிறான்.

இத்தகையோன் பேரரசனின் பெரும்படையில் ஓர் உறுப்பாக நின்று, தொலைநாட்டில் மடிந்தவன் அல்லன். ஊர்ப்புறத்தில், ஊரார் அறிந்த ஆற்றங்கரையிலோ மேய்ச்சல் நிலத்திலோ விழுந்தவன். அவனுக்குக் கல் எடுத்தவர் யார் என்பதையும் பாடல்கள் மறைக்கவில்லை. 265-ஆம் பாட்டில் வேங்கைப் பூவைப் பனந்தோட்டில் தொடுத்துக் கல்லுக்குச் சூட்டுவோர், பல பசுக்களை உடைய கோவலர். 329-ஆம் பாட்டில் சிற்றூர்க்காரர் நடுகல்லை நீராட்டி, படையலிட்டு, நெய்விளக்கு ஏற்றுகின்றனர். அதன் புகை தெருவெங்கும் மணக்கிறது. மாங்குடி கிழார் பாடிய 335-ஆம் பாட்டு, பகைவரைத் தடுத்து யானையைக் கொன்று வீழ்ந்தவனின் கல்லைத் தவிரத் தாங்கள் நெல் தூவி வணங்கும் கடவுள் வேறில்லை என்கிறது.

கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலையாகப் பகுத்தது. கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கொள்ளுதல், நீர்ப்படுத்துதல், நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்று காதைகள் பெயர் பெற்றிருப்பதற்குக் காரணம் இம்மரபே. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் எடுத்துக் கங்கையில் நீர்ப்படுத்தி நிகழ்த்தியதாக இளங்கோவடிகள் விரித்துரைக்கும் பெருஞ்சடங்கும், மேய்ச்சல் நிலத்துக் கோவலர் தம் ஊர்ப் பாறையில் ஒரு பலகையை எடுத்துச் சிற்றாற்றில் கழுவி நிகழ்த்திய எளிய சடங்கும் ஒரே மரபின. காவியத்தில் அரசன் ஊராரின் சடங்கைக் கைக்கொண்டான் என்று கூறினும் பிழையாகாது.

பாடல்கள் எதைப் பாடுகின்றன?

ஆவூர் மூலங்கிழார் பாடிய 261-ஆம் பாட்டு வீரனை நோக்கிப் பேசவில்லை. அவனுடைய வீட்டை நோக்கிப் பேசுகிறது. அடையாத வாயிலை உடைய அந்தப் பெருவீட்டில் முன்பெல்லாம் கலங்களில் கள் குறைவதில்லை. முற்றத்தில் சோறு குறைவதில்லை. கொதிக்கும் நெய்யில் இறைச்சியை இடும்போது எழும் ஓசை, யானை பெருமூச்சு விடுவது போல இருந்தது. புதிதாய் வந்தவர்களின் சோர்ந்த கண்கள் குளிர அந்த வீடு உணவளித்தது. இன்று அது நீரற்ற ஆற்றில் கிடக்கும் ஓடம் போல் இருக்கிறது. ஆநிரையை மீட்டுத் தந்து அவன் நடுகல் ஆனான். தலை மழித்து அணி களைந்த கைம்பெண்ணைப் போல வீடு பொலிவிழந்து நிற்கிறது.

இப்பாட்டில் போர்க்களத்துக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அடுப்படி ஓசைக்குக் கிடைத்த இடம் பெரிது. ஓடம் என்ற உவமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓடம் உடையவில்லை, மூழ்கவில்லை, முன்பிருந்தபடியே முழுமையாக இருக்கிறது. ஆற்றில் நீர் இல்லாமையால் அதனால் பயன் இல்லை. வீட்டின் சுவரும் வாயிலும் அவ்வாறே இருக்கின்றன. அவன் ஒருவன் இல்லாமையால் அவை வெறுமையாயின. இறந்தோனைப் பற்றி நூறு புகழ்மொழி அடுக்கினாலும் இவ்வெறுமையைக் காட்ட இயலாது.

265-ஆம் பாட்டில் சோணாட்டு முகையலூர்ச் சிறுகருந்தும்பியார் மற்றோர் உண்மையைச் சொல்லி வைத்தார். ஊரை விட்டு நெடுந்தொலைவில் உள்ள பாழ்நிலத்தில் கோவலர் மாலை சூட்ட அவன் கல்லாகி நிற்கிறான். அவனை அண்டி வாழ்ந்த பரிசிலரின் செல்வம் அவனோடு போயிற்று. அதுமட்டுமன்று, யானைப்படை உடைய வேந்தர்களின் குறையாத வெற்றியும் அவனோடு போயிற்று என்கிறார். மாடு மேய்ப்போர் மாலையிட்ட ஒருவனுடைய தோளில் முடிவேந்தரின் வெற்றி தங்கியிருந்தது என்பது இதன் பொருள். வேந்தரைப் பாடும் நூற்றுக்கணக்கான அடிகளுக்கிடையே இக்கருத்து ஓசையின்றி அமர்ந்திருக்கிறது. இதனைக் காட்டாமல் பாடம் முடிக்கும் ஆசிரியர் பாட்டின் பாதியையே கற்பித்தவராவார்.

263-ஆம் பாட்டைப் பாடியவர் பெயரும் கிடைக்கவில்லை. யானையின் காலடி போன்ற பறையைத் தூக்கி அவ்வழியே செல்லும் இரவலனை நோக்கி, அக்கல்லைத் தொழாமல் போய்விடாதே என்கிறது அப்பாட்டு. மற்ற இளைஞர் விலகி ஓடியபோது அவன் விலகவில்லை. பெருவெள்ளத்தைத் தடுக்கும் அணைபோல் அம்புகளைத் தடுத்து நின்றான். இங்கும் நுட்பம் ஒன்று உளது. அணை வெள்ளத்தை வெல்வதில்லை, தாங்குகிறது. பின்னால் இருப்பவற்றைக் காப்பது அதன் பணி. வெற்றி வீரனைப் புலி என்றும் சிங்கம் என்றும் பாடும் வழக்கிலிருந்து இவ்வுவமை வேறுபட்டது. ஓடியவர்களையும் புலவர் பழிக்கவில்லை. அவர்களைப் போர்த்தொழில் கல்லாத இளைஞர் என்று கூறி அமைகிறார்.

பெயரை ஏன் கூறவில்லை?

அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. புறத்திற்கு அவ்விதி இல்லை. ஆயின் கரந்தைப் பாடல்களில் பெயர் ஏன் இல்லை? இதற்கு இரண்டு விடைகள் கூறப்படலாம்.

இவை உண்மையில் இறந்த ஒருவனைப் பற்றியன அல்ல, துறைக்கு எடுத்துக்காட்டாகப் புலவர் புனைந்தவை என்பது முதல் விடை. இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால், துறைக்காகப் புனைந்த பாட்டு என்றே கொண்டாலும், புலவர் எதை எடுத்தார், எதை விடுத்தார் என்ற வினா அப்படியே நிற்கும். பெயர் பொறித்தார்கள் என்ற செய்தியை எடுத்துக்கொண்டு, பெயரை விடுத்தது ஏன் என்பதற்கு அவ்விடை பயன்படாது.

மன்னனுக்குரிய மதிப்பு ஊர் மறவனுக்கு இல்லை என்பது இரண்டாம் விடை. இதனை ஒரு பாட்டோடு ஒப்பிட்டு ஆராயலாம். அதியமான் நெடுமானஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய 232-ஆம் பாட்டிலும் நடுகல் வருகிறது. பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளைப் படைத்தால் அவன் ஏற்பானோ, மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் ஆயிற்றே என்று ஔவையார் கலங்குகிறார். அந்தப் பாட்டின் அடிகளிலும் அதியமான் பெயர் இல்லை. பெயரைத் தந்தது பாட்டன்று. பாட்டின் கீழுள்ள குறிப்பே. ஆகவே, பாட்டிற்குள் பெயர் கூறாமை ஊர் மறவனுக்கு இழைத்த தாழ்வாகாது. ஔவையாரும் தம் தலைவனுக்கு அவ்வாறே செய்தார்.

வேறுபாடு பாட்டுக்குப் பின்னே தொடங்குகிறது. அதியமானின் பெயரைப் பாட்டைத் தொகுத்துக் காத்த மரபு நினைவில் வைத்தது, ஏட்டில் எழுதியது, கைமாற்றிக் கொண்டே வந்தது. 264-ஆம் பாட்டின் வீரனுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. அவன் பெயரைக் காக்கும் பொறுப்பைப் புலவர் கல்லுக்கு விட்டார். வடமோதங்கிழாரும் 260-ஆம் பாட்டில் இதனை வெளிப்படையாகவே கூறுகிறார். பாம்பின் வாயிலிருந்து திங்கள் மீண்டது போல் ஆநிரை மீண்டது; தோலுரித்த பாம்பைப் போல் அவன் உடலைக் கழற்றிப் போனான்; அம்பு தைத்த உடல் சிற்றாற்றங்கரையில் குறியிலக்குப் போல் கிடந்தது; பெயரோ பந்தலின்கீழ்க் கல்லின் மேல் இருக்கிறது என்பது அப்பாட்டின் செய்தி. உடல் ஓரிடம், பெயர் ஓரிடம் என்று பிரித்துக் காட்டி, பெயர் இருக்குமிடத்தைப் புலவர் சுட்டுகிறார். பாட்டைக் கேட்டவன் அந்த வழியே சென்றால் கல்லில் பெயரைப் படித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ஏடு ஊர் ஊராகப் பயணம் செய்தது. கல் நின்ற இடத்திலேயே நின்றது. பெயர் நம் கைக்கு வராமற் போனது இதனால்தான்.

கற்கள் கூறும் செய்தி

உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894-இல் பதிப்பித்தார். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறையால் 1972-இல் நூலாக வெளிவந்தன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் 2006-இல் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளையும் அந்தவன் என்னும் பெயரையும் குறிக்கிறது. ஆகோள் என்பது தொல்காப்பியம் ஆளும் சொல். இலக்கணநூற் சொல் ஊர்ப்புறக் கல்லில் ஒரு மனிதனின் பெயரோடு சேர்ந்து நிற்பதைக் கண்டபின், வெட்சியும் கரந்தையும் புலவரின் வெறுங்கற்பனை என்று கூறுவது அரிது.

செங்கத்துக் கற்கள் சங்ககாலத்தன அல்ல. பல்லவர் காலம் முதலானவை. மகேந்திரவர்மன் வடமொழியில் மத்தவிலாசம் என்ற நாடகம் எழுதிய மன்னன். அவன் ஆட்சியில் இந்த மலைப்புறத்து ஊரார் தம் இறந்தோருக்குத் தமிழில், வட்டெழுத்தில் கல் எடுத்தனர். அவற்றின் வாசகம் ஏறக்குறைய ஒரே அமைப்பை உடையது. முதலில் அரசனின் ஆட்சியாண்டு. பின்னர் ஊர் அல்லது நாடு. பின்னர் அவன் யாருக்கு மகன் அல்லது யாருக்குச் சேவகன் என்பது. பின்னர் அவன் பெயர். பின்னர் எதன்பொருட்டு இறந்தான் என்பது. இறுதியில் ‘பட்டான் கல்’ என்று முடியும். ஆநிரைக்குத் ‘தொறு’ என்பது அக்கற்களின் சொல்.

எடுத்தனூரில் உள்ள கல் இவற்றுள் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அது மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் போரில் பட்டான் என்று அது கூறுகிறது. கல்லில் அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் உளது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் ஊரார் எழுதி வைத்தனர். அரசனுக்குரிய மெய்க்கீர்த்தியின் ஆரவாரம் ஒன்றும் இதில் இல்லை. புகழ்ச்சொல் ஒன்றுகூட இல்லை. எருமை, கள்வர், நாய், கடி, சாவு என்று நடந்தது நடந்தபடி இருக்கிறது. நாயின் பெயரும் விடுபடவில்லை. நாயின் பெயர் ஊருக்குத் தெரியும் ஆதலால்.

இலக்கிய நோக்கில் ஒப்பிட்டால், பாட்டில் இல்லாதது கல்லில் இருக்கிறது. கல்லில் இல்லாதது பாட்டில் இருக்கிறது. கல் பெயரையும் ஊரையும் ஆண்டையும் காரணத்தையும் கூறுகிறது. அழுதவர் யார், வீடு என்னாயிற்று என்பதைக் கூறுவதில்லை. பாட்டு, நெய்யின் ஓசை அடங்கிய அடுப்படியையும் பாணர் வந்து ஏமாறும் வாயிலையும் கூறுகிறது, பெயரைக் கூறுவதில்லை. ‘பட்டான்’ என்ற ஒரு சொல்லில் கல் முடித்துவிட்டதைப் பாட்டு விரித்துரைக்கிறது. பாட்டு யாரோ ஒருவனாக விட்டவனைக் கல் இன்னான் மகன் இன்னான் ஆக்குகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் ஒரு முழு மனிதன் கண்முன் நிற்பான்.

தேய்ந்த எழுத்து

கல்லும் என்றும் அழியாததன்று என்பதைச் சங்கப்புலவரே அறிந்திருந்தனர். பாலைவழியில் நிற்கும் நடுகற்கள் அகநானூற்றில் பலமுறை வருகின்றன. 297-ஆம் பாட்டில், களைத்துச் செல்லும் வழிப்போக்கர் கல்லின் எழுத்தைச் சேர்த்துப் படிக்காமலே கடந்து போகின்றனர். 343-ஆம் பாட்டில், உளியால் வெட்டிய எழுத்தின் கோடுகள் மறைந்து போனமையால், படிப்போருக்கு அது வேறொரு பொருளைத் தருகிறது. படிக்க நேரமில்லாமை ஒன்று. தவறாகப் படித்தல் மற்றொன்று. நினைவு அழியும் இருவழிகளையும் இவ்விரு பாடல்கள் காட்டிவிட்டன.

செங்கம் பகுதியில் இவ்விரண்டாம் வழி இன்றும் காணத்தக்கது. அங்குப் பல ஊர்களில் நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் வணங்கப்படுகின்றன. பொங்கலும் படையலும் குறைவின்றி நடைபெறுகின்றன. வட்டெழுத்தைப் படிப்போர் இல்லாமற் போனமையால், கல்லில் வெட்டிய பெயர் வழக்கொழிந்து, வேடியப்பன் என்ற பொதுப்பெயர் நிலைத்தது. மதிப்புக் குறையவில்லை, ஆள் மறைந்துவிட்டான். வழிபாடு ஒன்றே நினைவாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. பாடநூலில் ‘வீரன்’ என்ற பொதுச்சொல்லும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. அது மரியாதையோடு மறக்கச் செய்கிறது.

ஒரு மறுப்பு

ஒருவன் கவர்ந்ததை மற்றொருவன் மீட்டான். மாட்டுக்காக நடந்த ஊர்ச்சண்டையை இத்துணைப் பெரிதாக்கலாமா என்று கேட்போரும் உளர். இக்கேள்வி நேர்மையானது. மீட்கச் சென்று பட்டவருக்கு மட்டுமன்றி, கவரச் சென்று பட்டவருக்கும் செங்கத்தில் கற்கள் உண்டு. ஓர் ஊருக்குக் கள்வனாய் இருந்தவன் மற்றோர் ஊருக்கு மகனாய் இருந்தான். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்து முதற்குறளில், தன் தலைவன்முன் எதிர்த்து நின்று கல்லாகிப் போன பகைவர் பலர் என்று ஒரு மறவன் பகைவரை நோக்கிக் கூறுகிறான். அச்செருக்கு மொழிக்குள்ளேயே, பகைவனுக்கும் அவன் ஊரில் கல் நட ஆள் இருந்தனர் என்ற உண்மை அடங்கியிருக்கிறது. இருபுறத்துக் கல்லையும் ஒருங்கே காட்டினால், நடுகல் பாடம் பகைமை வளர்க்கும் பாடமாகாது. ஒவ்வொரு கல்லின் பின்னும் நீரற்ற ஆற்று ஓடம் போல் ஒரு வீடு இருந்தது என்ற உணர்வே மாணவன் உள்ளத்தில் தங்கும்.

வகுப்பறைக்கு உரியது

இந்நாட்டு ஆசிரியர்களுக்கு இப்பாடம் தொலைவில் உள்ளதன்று. சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள போர் நினைவுச் சின்னத்தில், இரண்டாம் உலகப்போரில் இறந்து, கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையைச் சேர்ந்தோர் பலர் அவர்களுள் உளர். பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள். சுவரில் படையணி வாரியாகப் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை, பின்னே தவித்த வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அச்சுவர் செங்கத்துக் கல்லைவிடப் பன்மடங்கு பெரியது. எனினும் அக்கல்லைவிடக் குறைவாகவே பேசுகிறது.

அதே போரில், 1942 முதல் 1943 வரை சயாம் இரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டு மடிந்த தமிழர் பல்லாயிரவர். அவர்கள் போர்வீரர் அல்லர். ஆயுதம் எடுத்தவர் அல்லர். போரால் மடிந்தவர், ஆனால் படைவீரருக்குக் கிடைத்தது போல் பெயர் பொறித்த கல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் திரும்பாமையால் நின்றுபோன அடுப்படி ஓசைகள் தோட்டத்து வீடுகளில் எத்தனை என்று கணக்கிடுவார் இல்லை. பாட்டும் இன்றிக் கல்லும் இன்றி விடப்பட்டோர் நிலை எத்தகையது என்பதை உணர, 264-ஆம் பாட்டு நல்ல அளவுகோலாகும். அந்த வீரனுக்குப் பெயர் மறைந்தாலும் பாட்டு எஞ்சியது. கருந்தேவகத்திக்குப் பாட்டு இல்லையாயினும் பெயர் எஞ்சியது.

ஆகவே, நடுகற் பாடல்களைப் பயிற்றும் ஆசிரியர்கள் சிறு மாற்றமொன்றைச் செய்து பார்க்கலாம். 264-ஆம் பாட்டை நடத்தும் அன்றே எடுத்தனூர்க் கல்லின் வாசகத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். தமிழர் வீரத்தை விளக்குக என்ற வினாவை ஒருபுறம் வைத்துவிட்டு, வேறு இரண்டு வினாக்களைக் கேட்கலாம். இறந்தவன் யார்? அவனோடு ஊரிலிருந்து போனவை எவை? முதல் வினாவுக்குக் கல்லிலிருந்தும், இரண்டாம் வினாவுக்குப் பாட்டிலிருந்தும் மாணவர் விடை தேடட்டும். அதன்பின், தத்தம் வீட்டு முதியோரிடம் சென்று, போர்க்காலத்தில் போய்த் திரும்பாதவர் எவரேனும் உண்டா, அவர் பெயர் என்ன, ஊர் எது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வரச் சொல்லலாம். செங்கத்து ஊரார் உளியால் வெட்டியதை மாணவர் எழுதுகோலால் எழுதுவர். எழுத்துத் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியர் வற்புறுத்துவது நல்லது. கோடு மறைந்த எழுத்து வேறு பொருள் தரும் என்று அகநானூறு முன்பே அறிவித்திருக்கிறது.